நீ எங்கிட்டுப் போன?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் எங்கள் தெருவில் யாரும் பாக்கியில்லை. மாமியார் கேட்டார். எதிர்வீட்டு அத்தாச்சி கேட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறிய ஆட்டோவின் டிரைவர், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முதலில் ஓடிய சின்ன கிளினிக்கில் சீட்டு எழுதும் பெண், என் மகனுடைய பெயரைக் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு வந்து விவரம் எழுதிக்கொண்ட காவலர் பேனாவை மூடும்போது கேட்டார். “பச்சப்புள்ளைய விட்டுட்டு நீ எங்கிட்டும்மா போன?”

தண்ணீர் பிடிக்கப் போனேன்.

அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை மடியில் எச்சில் ஒழுகக் கிடந்தான். இப்போது சொல்கிறேன். எங்கள் காம்பவுண்டில் ஆறு குடித்தனம், இரண்டு கக்கூஸ். போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்கிற தண்ணீர் தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், அதுவும் எந்நேரம் வரும் என்று சொல்ல முடியாது. “தண்ணி வந்துருச்சு” என்று தெருவில் ஒரு குரல் கேட்டால் அடுப்பில் இருப்பதை இறக்கக்கூட நிற்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். நானும் ஓடினேன். நான்கு குடம். மொத்தம் பத்து நிமிடம் இருக்கும்.

எங்கள் மதுரை வில்லாபுரத்தில் ஒரு பெண்ணிடம் தண்ணீர் பிடிக்க ஏன் போனாய் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. 1996 தேர்தலில் இந்தப் பகுதியின் கவுன்சிலராக ஜெயித்து வந்த லீலாவதி, இங்குள்ள சனங்களுக்குக் குழாயில் குடிநீர் வேண்டும் என்று நின்றவர். 1997 ஏப்ரல் 23-ஆம் தேதி அவரைத் தெருவிலேயே வைத்து வெட்டிக் கொன்றார்கள். தண்ணீருக்காக ஒரு பெண் உயிரையே கொடுத்த ஊர் இது. அதே ஊரில் தண்ணீருக்காகப் பத்து நிமிடம் பிள்ளையை விட்டுப் போனவளை எல்லோரும் குற்றவாளியாகப் பார்க்கிறீர்கள்.

பிள்ளை குடித்தது என்ன, அது எதில் இருந்தது, அதை யார் எனக்கு விற்றார்கள், எந்தச் சட்டம் அதை விற்க விட்டது என்று இந்த நிமிடம் வரை ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். கசங்கிய, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக். நீல மூடி. மேலே சுற்றியிருந்த காகிதத்தைப் பாதி கிழித்திருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு மலையும் அதிலிருந்து விழும் அருவியும் இருந்தன. உள்ளே இருந்தது கக்கூஸ் கழுவும் ஆசிட். லேசான மஞ்சள். எலுமிச்சம்பழச் சாற்றில் தண்ணீர் கலந்தால் வருமே, அந்த நிறம். அதில் ஆசிட் என்று எழுதியிருக்கவில்லை. விஷம் என்று எழுதியிருக்கவில்லை. மண்டை ஓட்டுப் படம் கிடையாது. குடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி கிடையாது.

வாரத்தில் இரண்டு நாள் மொபெட்டில் ஒருவர் வருவார். பின்னால் மூன்று பெரிய கேன், முன்னால் கட்டிய ஒலிபெருக்கியில் பதிவுசெய்த குரல். “பினாயில்… ஆசிட்… சோப்பாயில்…” அந்தக் குரல் இங்குள்ள குழந்தைகளுக்கெல்லாம் மனப்பாடம். என் மகன்கூடச் சொல்லிக்கொண்டு விளையாடுவான். நாங்கள் கொண்டுபோகும் பாட்டிலில் ஊற்றித் தருவார். பாட்டில் இல்லையென்றால் பழைய இரும்புக் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலோ கலர் பாட்டிலோ அவரிடமே இருக்கும். 30 ரூபாய் கொடுத்தேன்.

ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டுப் பீங்கான் முழுக்கக் காரை பிடித்தாற்போல ஒரு படிவு ஏறிவிடும். சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது, பிளீச்சிங் பவுடருக்கும் மசியாது. ஆசிட் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கழன்று வரும். ஆறு குடித்தனமும் முறைவைத்துக் கழுவ வேண்டும். கறை இருந்தால் வீட்டுக்காரம்மா சத்தம் போடுவார். நல்ல தண்ணீர் வராத ஊரில்தான் இந்த ஆசிட் வண்டிக்கு வியாபாரம் நன்றாக நடக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை; ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்ததில் புரிந்தது.

அன்றைக்கு என் முறை. ஜன்னல் திட்டின் மேலே, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருந்த பாட்டிலை நான்தான் இறக்கினேன். கொஞ்சம் ஊற்றினேன். தெருவில் சத்தம் கேட்டது. மூடியைத் திருகி, கதவோரம் வைத்துவிட்டு ஓடினேன். ஆமாம், கீழே வைத்தது நான். ஒவ்வொரு ராத்திரியும் அந்த இடத்துக்குத் திரும்பிப்போய் அந்தப் பாட்டிலை எடுத்து மேலே வைக்கிறேன். விடிந்தால் அது கீழேதான் இருக்கிறது.

மூன்றரை வயது அவனுக்கு. சித்திரைத் திருவிழா முடிந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. அழகர் எதிர்சேவைக்கு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். அந்த வெயிலில் வழிநெடுகப் பந்தல். முகம் தெரியாதவர்கள் ஓடிவந்து பிள்ளை கையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்தார்கள். “குடி சாமி, குடி” என்று ஒரு பெரியவர் அவனே குடிக்கும்படி பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தார். மூடியை எப்படித் திருகுவது என்று அவன் அங்கேதான் கற்றுக்கொண்டான். வீடு திரும்பும்வரை ஒரு பாட்டிலை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தான். தண்ணீர் பாட்டிலில் இருப்பது தண்ணீர் என்று நம்பினான். மூன்றரை வயதுப் பிள்ளை வேறு எதை நம்ப வேண்டும்?

ஒரே மடக்கு. நான்காவது குடத்தோடு நுழையும்போது அவன் சத்தம் கேட்டது. அழுகை மாதிரி இல்லை. ஆட்டுக்குட்டியின் குரல் அடைத்துக்கொண்டால் வருமே, அப்படி. சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. உதடு வெள்ளையாகியிருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கின் மேல் பால் ஆடை மாதிரி ஒரு தோல்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போதுதான் எனக்கு அதிகமாகக் குமுறுகிறது. காம்பவுண்டே கூடிவிட்டது. எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் என் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர்கள். “உப்பைக் கரைச்சு ஊத்துத்தா, வாந்தி எடுத்தா எல்லாம் வந்துரும்” என்றார் ஒருவர். இன்னொருவர் புளியைக் கரைத்துக்கொண்டு ஓடிவந்தார். நான் அவன் தாடையைப் பிடித்து, இந்தக் கையால்தான், உப்புத் தண்ணீரை ஊற்றினேன். தொண்டைக்குள் விரலும் விட்டேன். வாந்தி எடுத்தான். அதில் ரத்தம் இருந்தது.

டாக்டர் பிறகு நிதானமாக விளக்கினார். திட்டவில்லை, திட்டாத ஓரிருவரில் அவர் ஒருவர். “ஆசிட் உள்ளே போகும்போது ஒருமுறை சுடும்மா. வாந்தி எடுக்க வைத்தால் திரும்பி வரும்போது அதே வழியில் இன்னொருமுறை சுடும். மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம். வாயைக் கழுவிவிட்டு, எதுவும் புகட்டாமல் நேராக இங்கே கொண்டுவந்திருக்க வேண்டும்.” நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். வேதியியலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று எழுதி மார்க் வாங்கியவள். அந்த அமிலம்தான் 30 ரூபாய்க்கு மொபெட்டில் வருகிறது என்றோ, அது பிள்ளை வாயில் பட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்றோ பன்னிரண்டு வருடத்தில் ஒரு வகுப்பில்கூட யாரும் எனக்குச் சொல்லவில்லை. டெல்லி எய்ம்ஸில் விஷம் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே ஒரு மையம் இருக்கிறது, 1800 116 117 என்று கட்டணமில்லா எண்ணும் உண்டு என்பதை ஆஸ்பத்திரியில் பத்தாவது நாள் போனில் தேடியபோது படித்தேன். அந்த எண்ணை எந்தப் பாட்டிலிலாவது, எந்த ரேஷன் கடைச் சுவரிலாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அது கண்ணில் பட்டிருந்தால் நான் உப்பைக் கரைத்திருக்க மாட்டேனே.

ஆசிட் குடித்த பிள்ளை பெரும்பாலும் உடனே செத்துப்போகாது. அதனால்தான் செய்தியிலும் வராது. முதல் வாரம் கொஞ்சம் தேறியது மாதிரி இருந்தது. பால் இறங்கியது. வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம், வெந்த புண் ஆறும்போது உணவுக்குழாய் உள்ளுக்குள் சுருங்கத் தொடங்கியது. முதலில் இட்லி நின்றது. பிறகு கஞ்சி. பிறகு தண்ணீர். ஒருநாள் அவனுடைய எச்சிலே இறங்கவில்லை. ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு துப்பிக்கொண்டே இருந்தான். தூங்கும்போது தலையணை நனைந்துவிடும்.

வயிற்றில் துளைபோட்டுக் குழாய் வைத்தார்கள். பாலும் வடிகட்டிய பருப்புத் தண்ணீரும் 50 மில்லி சிரிஞ்சில் ஏற்றி அந்தக் குழாய் வழியாக மெல்ல விடுவேன். வேகமாக விட்டால் துடிப்பான். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மயக்கம் கொடுத்து, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டு, சுருங்கிய இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துவிடுவார்கள். விரித்த இடம் மறுபடி சுருங்கும். மறுபடி போக வேண்டும். எத்தனை முறை என்று கேட்டால், போகப்போகத்தான் தெரியும் என்பார்கள்.

எட்டு வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். தம்பி பார்க்கிறான் என்று அவள் கதவுக்குப் பின்னால் நின்று சாப்பிடப் பழகிக்கொண்டாள். நான் சொல்லித் தரவில்லை. ஒருநாள் தட்டைக் காணோம் என்று தேடினால், கதவு மூலையில் சுவரைப் பார்த்து நின்று, சத்தம் வராமல் அப்பளத்தை வாயில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தாள். நொறுக்கினால் தம்பிக்குக் கேட்டுவிடுமாம். இந்த ஒரு காட்சிக்கு எனக்கு யாராவது கணக்குச் சொல்லுங்கள்.

வராண்டாவில் இரவு தூக்கம் வராது. போனில் படித்தேன். அமெரிக்காவில் செவாலியே ஜாக்சன் என்று ஒரு டாக்டர் இருந்திருக்கிறார். நூறு வருடத்துக்கும் முந்தைய கதை. அங்கே துணி வெளுக்கவும் தரை கழுவவும் வீட்டுக்கு வீடு ஆசிட் மாதிரியே சுடும் காரப்பொடி வைத்திருப்பார்கள். சர்க்கரை மாதிரி இருக்கும். குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும். தொண்டை சுருங்கித் தண்ணீர்கூட இறங்காத ஒரு சிறுமியை அவரிடம் கொண்டுவந்தார்களாம். அவர் குழாய் விட்டு அடைப்பை எடுத்திருக்கிறார். பிறகு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார்கள். திரும்பி வந்துவிடும் என்று பயந்துகொண்டே அவள் உறிஞ்சினாள். இறங்கியது. இன்னொரு வாய். அதுவும் இறங்கியது. நர்ஸ் கையில் இருந்த டம்ளரை மெதுவாக ஒதுக்கிவிட்டு, திரும்பி, அந்த டாக்டரின் கையில் முத்தமிட்டாளாம். இதைப் படித்தபோது நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

அந்த டாக்டர் அந்தப் பிள்ளைகளின் தாயைப் பார்த்து, நீ எங்கே போனாய் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. டப்பாவைப் பார்த்தார். அதன் மேல் விஷம் என்று எழுதவைக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று அச்சிடவைக்க வேண்டும் என்று வருடக்கணக்காக அலைந்தார். கம்பெனிகள் எதிர்த்தும் விடவில்லை. 1927-இல் அதற்கென்றே அங்கே ஒரு சட்டம் வந்தது. கனடாவில் ஹென்றி பிரோ என்று ஒரு குழந்தை மருத்துவர், மாத்திரை விழுங்கிய பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத் தாங்காமல், 1967-இல் உள்ளங்கையால் அழுத்தித் திருகினால் மட்டும் திறக்கும் மூடி ஒன்றைக் கொண்டுவந்தார். 1970-இல் அமெரிக்கா அப்படிப்பட்ட மூடிகளைச் சட்டமாகவே ஆக்கியது. நான் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால். ஒரு மூடிதானே. என் மகன் திருகிய அந்த நீல மூடி அரைச் சுற்றில் திறந்துகொண்டது.

இங்கேயும் அந்த மாதிரி மூடி இருக்கிறது. டிவி விளம்பரத்தில் வரும் சில பெரிய கம்பெனிப் பாட்டில்களில் இருக்கிறது. அதன் விலை கூட. ஆயிரம் ஊதுபத்திக் குச்சி உருட்டினால் இவ்வளவு என்று கூலி வாங்குகிறவள் நான். கரிமாவும் ஜிகட் பசைப்பொடியும் பிசைந்து கை ரேகைக்குள் கறுப்பு ஏறிப்போனவள். எனக்கு 30 ரூபாய் ஆசிட்தான் கட்டும். காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மூடியோடு விஷம், என் பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டிலில் விஷம். பிள்ளையின் தொண்டையைக் காப்பது கூட விலை கொடுத்து வாங்க வேண்டிய சரக்கா?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி என்ற டெல்லிப் பெண் தொடுத்த வழக்கில் 2013 ஜூலை 18-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆசிட் விற்கிறவர் பதிவேடு வைக்க வேண்டும். வாங்குகிறவரின் பெயர், முகவரி, எவ்வளவு, எதற்கு என்று எழுத வேண்டும். புகைப்பட அடையாள அட்டை பார்க்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்கவே கூடாது. கையிருப்பை அதிகாரியிடம் சொல்ல வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். அந்தப் பெண் தன் வெந்த முகத்தோடு நின்று வாங்கிக் கொடுத்த உத்தரவு அது, கையெடுத்துக் கும்பிடுகிறேன். எங்கள் தெருவில் அந்தப் பதிவேட்டை நான் பார்த்ததில்லை. ஆதாரைக் காட்டு என்று மொபெட்காரர் என்னைக் கேட்டதில்லை. பத்து வயதுப் பிள்ளைகள் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். முகத்தில் வீசுகிறவனைத் தடுக்க எழுதிய உத்தரவையே தெருவில் காணோம். தெரியாமல் குடித்துவிடும் பிள்ளைக்கு யார் எழுதப்போகிறார்கள்?

என் அம்மா ஒன்று சொன்னார். அவர் காலத்தில் மண்ணெண்ணெய். ரேஷனில் வாங்கி சோடா பாட்டிலில் ஊற்றி அடுப்படியில் வைத்திருப்பார்கள். அதைக் குடித்து நெஞ்சில் சளி கட்டி இழுத்துக்கொண்டு கிடந்த பிள்ளைகள் தெருவுக்கு ஒன்று இருக்குமாம். அந்த ரேஷன் மண்ணெண்ணெய் நீலமாக இருக்கும், நினைவிருக்கிறதா? டீசலில் கலந்து விற்றுவிடக் கூடாது, திருடினால் கண்டுபிடிக்க வேண்டும் என்று அரசாங்கம் போட்ட சாயம் அது. எண்ணெய் களவு போகக் கூடாது என்று சாயம் போடத் தெரிந்த நாட்டுக்கு, பிள்ளை உயிர் போகக் கூடாது என்று ஆசிட்டுக்கு ஒரு நிறமும் ஒரு தனிப் பாட்டிலும் வைக்கத் தெரியாதா?

செய்ய நினைத்தால் செய்கிறார்கள். எலி பேஸ்ட் என்று பெட்டிக்கடையில் தொங்கிக்கொண்டிருந்ததே, பார்க்கப் பற்பசை மாதிரியே இருக்கும் டியூப். பற்பசை என்று நினைத்துப் பல் தேய்த்தவர்கள் உண்டு. எலிக்காகத் தேங்காய்ச் சில்லில் தடவி வைத்ததைக் குழந்தை எடுத்துத் தின்ற செய்திகள் எத்தனை படித்திருக்கிறோம். அதில் இருந்தது 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ். முதல் இரண்டு நாள் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம், பிள்ளை ஓடி ஆடும். அதற்குப் பிறகு ஈரல் கெட்டுப்போகும். முறிவு மருந்து கிடையாது. தமிழ்நாட்டு ஈரல் மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி, சில ஆண்டுகளுக்கு முன் நம் அரசு அதைத் தடை செய்தது. நல்ல காரியம். அப்படியானால் தடுக்க முடியும் என்றுதானே அர்த்தம்? எத்தனை ஈரல் கெட்ட பிறகு அந்தத் தடை வந்தது? ஆசிட்டுக்கு எத்தனை தொண்டை வேண்டும்?

2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் மணஞ்சேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எலித்தொல்லை தாங்காமல், அதற்கென்று கம்பெனி நடத்துகிறவர்களைக் கூப்பிட்டு வீட்டில் மருந்து வைத்தார்கள். ராத்திரி ஏசி அறையில் குடும்பமே படுத்தது. ஆறு வயதுப் பெண் குழந்தையும் ஒரு வயதுப் பையனும் போய்விட்டார்கள். தாயும் தகப்பனும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். தகப்பன் வங்கியில் வேலை பார்த்தவர். படித்த வீடு, காசு கொடுத்து, ஆள் வைத்து, முறையாகச் செய்வதாக நம்பித்தான் செய்தார்கள்.

இப்போது கேளுங்கள். அந்தத் தாய் எங்கே போனாள்? எங்கேயும் போகவில்லை. பிள்ளைகள் பக்கத்திலேயே படுத்திருந்தாள். அவர்கள் மூச்சில் போனது அவள் மூச்சிலும் போயிற்று. தாய் பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்றால் அந்த இரண்டு குழந்தைகளும் இன்றைக்கு ஓடியாடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அந்த அம்மாவைத் தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரி வராண்டாவில் நான் அதிகம் நினைத்துக்கொண்டது அவரைத்தான்.

மொபெட்காரரைப் பிடித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒருநாள் தெருமுனையில் வண்டியை மறித்து நின்றேன். என்னென்ன கேட்டேன் என்று எனக்கே நினைவில்லை. செருப்பைக் கழற்றினேன் என்று பிறகு சொன்னார்கள். அவர் வண்டியை நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டு, “எல்லாரும் இதுலதாம்மா ஊத்தித் தர்றோம். எனக்கே குடோன்ல கேன்லதான் தர்றாங்க. அதுலயும் ஒண்ணும் எழுதியிருக்காது” என்றார். அவர் கையைப் பார்த்தேன். விரல் நகமெல்லாம் அரித்துப் போய், புறங்கையில் ஆசிட் தெறித்த வெள்ளைப் பொட்டுகள். கையுறை கிடையாது. அவரை அடித்து எனக்கு என்ன கிடைக்கப்போகிறது? கேனில் எழுதாமல் அனுப்புகிறவன் குடோனில் இருக்கிறான், அவனுக்கு அனுப்புகிறவன் எங்கோ இருக்கிறான். அவர்கள் யாருடைய வீட்டு வாசலுக்கும் போய் நிற்க எனக்கு வழி தெரியவில்லை. அந்தக் காவலரிடம் கேட்டேன். “அது எதேச்சையா நடந்ததும்மா, யார் மேல கேஸ் போடச் சொல்ற? போட்டா முதல்ல உன் மேலதான் வரும்” என்றார்.

எதேச்சையா! தண்ணீர் பாட்டிலில் விஷத்தை ஊற்றித் தெருத்தெருவாகக் கூவி விற்பது எதேச்சையா? சாப்பிடும் பொருள் வந்த பாட்டிலில் ஆசிட், பினாயில், சோப்பாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று ஒரு உத்தரவு போட எவ்வளவு நேரம் ஆகும்? பால் பாக்கெட்டின் மேல் தேதி போடுகிறார்கள். பீடிக் கட்டின் மேல் புற்றுநோய்ப் படம் போடுகிறார்கள். ஆசிட்டுக்கென்று ஒரு தடித்த பாட்டில், அழுத்தித் திருகும் மூடி, தமிழில் நாலு வார்த்தை: விஷம், வாந்தி எடுக்க வைக்காதே. ஐந்து ரூபாய் கூட ஆகட்டும், கொடுக்கிறோம். என் மகனுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் ஆட்டோ கூலியில் எத்தனை மூடி வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

என் மாமியார் இன்னமும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. புருசன் ஒன்றும் சொல்வதில்லை. அவர் சொல்லாமல் இருப்பது இன்னும் சுடுகிறது. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். சாப்பாட்டுப் பந்தி என் பிள்ளைக்குப் பொறுக்காது என்பது ஒரு காரணம். “இவதான் அந்தப் புள்ளயோட அம்மா” என்று முதுகுக்குப் பின்னால் கேட்கும் குரல் இன்னொரு காரணம். தப்பு என் பேரில் இல்லை என்று நான் சொல்லவில்லை. பத்து நிமிடத் தப்பு என்னுடையது, ஆயுசுக்கும் சுமக்கிறேன். மீதித் தப்பைச் சுமக்க ஒருவரும் வரவில்லையே என்றுதான் கத்துகிறேன்.

அந்தப் பாட்டிலை நான் தூக்கிப் போடவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு அதையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டுதான் ஓடினேன், என்ன குடித்தான் என்று காட்டுவதற்கு. காவலரிடம் நீட்டினேன், “அதெல்லாம் வேண்டாம்மா, குப்பையில போடு” என்றார். போடவில்லை. அடியில் இரண்டு விரல் அளவு இன்னும் இருக்கிறது. மூடியைத் துணி வைத்து இறுக்கி, மூன்று பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, மேலே என் கையாலேயே பெரிதாக விஷம் என்று எழுதி, ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிப் பரண் மேல் ஏற்றியிருக்கிறேன். சாவி என் தாலிக்கொடியில் இருக்கிறது. யாராவது ஒரு அதிகாரி வந்து, “அந்தப் பாட்டில் எங்கேம்மா?” என்று கேட்டால், ஏணி போட்டு ஏறி எடுத்துத் தருவேன்.